அயலார் பந்தியில் அமர்பவருக்கு

சுவீடன் தேசத்து மால்மோ நகரத்தில் 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு காட்சிசாலையில், ஐஸ்லாந்தியரின் புளித்த சுறாமீனும், பிலிப்பைன்ஸ் நாட்டாரின் கரு வளர்ந்த வாத்து முட்டையும், சார்டினியத் தீவின் புழு நெளியும் பாலாடைக்கட்டியும், ஜப்பானியர் காலையில் சோற்றோடு உண்ணும் நூலிழுக்கும் சோயா மொச்சையும் ஒரே கூரையின்கீழ் வரிசையாக வைக்கப்பட்டன. அருவருப்பான உணவுகளின் காட்சிசாலை என்பதே அதன் பெயர். நுழைவுச் சீட்டாக அங்கே கொடுக்கப்பட்டது, வாந்தியெடுப்பதற்கான ஒரு காகிதப் பை. அருவருப்புணர்ச்சி மனிதர் அனைவருக்கும் பொது என்றும், எதைக் கண்டு அருவருப்பது என்பதே தேசத்துக்குத் தேசம் வேறுபடுகிறதென்றும் காண்போருக்கு உணர்த்துவது அதனை அமைத்தவர்களின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் ஒரு ஜனசமூகம் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் பதார்த்தத்தைப் பார்க்க வருபவன் கையில் முதலிலேயே அந்தப் பையைக் கொடுத்துவிட்டால், அவன் மனத்தில் சமபாவம் வளரும் என்று நம்ப என்னால் இயலவில்லை.

இந்தப் பை இல்லாமலே இதே மனோபாவத்தோடு அயல்நாடு செல்லும் பிரயாணிகள் இந்நாளில் பெருகிவிட்டார்கள். விநோதமான ஓர் உணவைத் தேடிப் பிடித்து, அதை வாயிலிட்டு, முகத்தைச் சுளித்து, கண்ணீர் மல்கி, பாதியில் துப்பி, அவ்வளவையும் கைப்பேசியில் படம் பிடித்து ஊரறியப் பரப்புவதை அவர்கள் ஒரு வீரச்செயலாகக் கருதுகிறார்கள். தமிழிலும் இத்தகைய காணொளிகளுக்குக் குறைவில்லை. பிறர் உண்ணும் உணவைப் பந்தயப் பொருளாக்கும் இவ்வழக்கம் தவறானது என்பதே என் கட்சி.

ஐஸ்லாந்தின் சுறாமீனையே எடுத்துக்கொள்வோம். வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் குளிர்ந்த ஆழத்தில் வாழும் கிரீன்லாந்துச் சுறாவின் பச்சை மாமிசம் விஷமுடையது. யூரியாவும் டிரைமெதிலமீன் ஆக்சைடு என்னும் பொருளும் அதில் மிகுந்திருப்பதால், பக்குவப்படுத்தாமல் உண்ட பிராணிகள் மதுவுண்ட மயக்கத்தில் தள்ளாடுவதுபோலத் தள்ளாடும். காடும் அருகி, வெயிலும் குன்றி, கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்க விறகும் கிடையாமல் வாழ்ந்த அத்தீவினர், உப்பின் துணையில்லாமலே மீனையும் மாமிசத்தையும் குளிர்காலம் முழுவதற்கும் காப்பாற்றிவைக்கப் பல உபாயங்களைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று, இந்த விஷ மாமிசத்தை உணவாக்கிய உபாயம். சுறாவைத் துண்டமிட்டுச் சரளைமணற் குழியில் இட்டு, மேலே மணலும் கற்களும் பாரமேற்றி, 6 முதல் 12 வாரங்கள்வரை விட்டுவைத்தால், நச்சுநீர் கசிந்து வடிய, மாமிசம் மெல்லப் புளிக்கிறது. பிறகு அதை நீண்ட பட்டைகளாக அறுத்து, பலகைகளுக்கிடையே காற்று நுழையும்படி கட்டிய கொட்டகையில் நான்கைந்து மாதம் தொங்கவிடுகிறார்கள். இந்நாளில் குழிக்குப் பதிலாகப் பெட்டிகள் வந்துவிட்டனவாயினும் காற்றுக்கும் காலத்துக்கும் பதில் வரவில்லை.

ஸ்நைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்திலுள்ள பியார்னர்ஹொப்ன் பண்ணையில் இத்தொழிலை நேரில் காணலாம். கொட்டகையில் தொங்கும் துண்டங்கள் வெளியே பழுப்பேறி, மரப்பட்டைபோல் இறுகியிருக்கும். அப்பட்டையைக் கத்தியால் சீவியெடுத்தால் உள்ளே வெண்மையான சதை தோன்றும். அதைச் சிறு கட்டிகளாக நறுக்கிப் பரிமாறுவார்கள். முதலில் மூக்கைத் தாக்குவது அம்மோனியாவின் நெடி. நாவில் படும் ருசியோ அந்நெடி அச்சுறுத்திய அளவுக்குக் கடுமையானதன்று. புகழ்பெற்ற சமையற் கலைஞர்கள் சிலர் தொலைக்காட்சியில் இதைத் துப்பியதும் தூற்றியதும் உண்டு. ஆனால் ஐஸ்லாந்தியர் இதை வயிறு நிறைய வாரி உண்பவர்களல்லர் என்பதை அத்தகைய நிகழ்ச்சிகள் தெளிவாகச் சொல்வதில்லை. ஜனவரி பிற்பகுதியில் தொடங்கும் தோரி என்னும் பழைய மாதத்தில், இருள் நீண்டு பனி உறைந்திருக்கும் நாட்களில், உற்றாரும் ஊராரும் கூடி விருந்துண்ணும்போது, புகையூட்டிய ஆட்டிறைச்சி, ரை தானியத்து ரொட்டி, வெண்ணெய் தடவிய உலர்மீன் இவற்றின் நடுவே ஓரிரு கட்டிகளாக, பிரெனிவின் என்னும் மதுவோடு சேர்த்து உண்ணப்படுவது அது. 1783இல் லாகி எரிமலை வெடித்து, புல் நஞ்சாகி, கால்நடைகள் மடிந்து, தொடர்ந்த பஞ்சத்தில் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்ட சரித்திரத்தை உடையவர்கள் அவர்கள். உண்ணத்தகாததை உண்ணத்தக்கதாக்கிய மூதாதையரின் அறிவையும் பொறுமையையும் நினைந்து வருஷத்துக்கொருமுறை உண்ணும் அந்தக் கட்டியை, நடுக்கோடையில், நின்ற நிலையில், கைப்பேசியின் முன் துப்புகிறவன், அந்த உணவை உண்டதாக எப்படிச் சொல்ல முடியும்?

பிலிப்பைன்ஸின் வாத்து முட்டைக்கும் இவ்வாறே ஒரு முறைமை உண்டு. மாலை மயங்கிய பிறகு தெருவில் கூவி விற்கப்படும் அந்த வெதுவெதுப்பான முட்டையின் தலைப்பகுதியைத் தட்டி, சிறு துவாரமிட்டு, உள்ளிருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிவிட்டு, உப்போ காடியோ சேர்த்து மற்றதை உண்பார்கள். உழைத்துக் களைத்தவர்களுக்கு அது மலிவான போஷாக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்று அதையே பயங்கரப் பரீட்சையாக வைத்தது.

பாங்காக் நகரத்துக் காவோசான் வீதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குச்சியில் கோத்து விற்கப்படும் கருந்தேள்கள், வந்து போகும் அந்நியருக்காகவே கடை பரப்பப்பட்டவை. உண்ண மனமில்லாதவர் படம் மட்டும் எடுத்துக்கொள்ளவும் கட்டணம் கேட்கும் வண்டிகள் உண்டு. வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பிரதேசத்துக் குடியானவர்களுக்கோ, வெட்டுக்கிளியையும் பட்டுப்புழுக் கூட்டின் உள்ளீட்டையும் வறுத்து உண்பதும், பெரிய நீர்ப்பூச்சியை மிளகாயோடு சேர்த்து இடித்து அதன் வாசனைக்காகத் துவையல் அரைப்பதும் நித்திய வாழ்க்கையைச் சேர்ந்தவை. அந்தத் துவையலை நாடிச் செல்பவர் சிலர். தேளோடு நின்று படமெடுத்துக்கொண்டு தாய்லாந்தின் உணவை அறிந்துவிட்டதாக ஊர் திரும்புபவர் பலர்.

பூச்சி தின்பதை ஏளனம் செய்யும் தமிழர், நம் கிராமங்களின் ஈசலை நினைத்துப் பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த இரவில் புற்றருகே விளக்கு வைத்து, வெளிச்சத்துக்கு வந்து விழும் ஈசலை வாரி, இறகு போகப் புடைத்து, அரிசியோடு வறுத்துச் சிறுவர் மடியில் கட்டிக் கொடுத்த பாட்டிமார் நம்மிடையே இருந்தார்கள். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டியின் முறத்துக்கெதிரே ஓர் அந்நியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு படமெடுத்தால் நமக்கு எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே ஈசான் குடியானவனுக்கும் இருக்கும்.

பிரயாணியின் ஆர்வத்தால் விளையும் கேடு மனத்தாங்கலோடு நின்றுவிடுவதுமில்லை. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்ஜாவிக்கின் உணவகங்களில் மிங்கி திமிங்கிலத்தின் மாமிசத்தைக் கேட்டு வாங்கி உண்டவர்களில் பெரும்பங்கினர் வெளிநாட்டுப் பிரயாணிகளே. உள்ளூர்வாசிகள் அதை அடிக்கடி உண்பதில்லை. பழம்பெரும் மரபு என்று எண்ணி ஆசைப்பட்டவர்களின் பணமே அவ்வேட்டைக்கு ஊக்கம் தந்ததைக் கண்டுதான், திமிங்கிலங்களைக் காணுங்கள், உண்ணாதீர்கள் என்று அந்நாட்டிலேயே 2011 முதல் இயக்கம் நடத்தினார்கள். கிரீன்லாந்துச் சுறாவும் மெல்ல வளர்ந்து நெடுங்காலம் வாழும் பிராணி. 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பெருத்து வளர்ந்த ஒரு பெண் சுறாவுக்குக் குறைந்தது 272 வயதிருக்கும் என்று மதிப்பிட்டது. இப்போது பக்குவப்படுத்தப்படுபவை பெரும்பாலும் வேறு மீனுக்கு வீசிய வலையில் தற்செயலாகச் சிக்கியவை. வேடிக்கைக்காக வாங்குவோர் பெருகினால் அந்நிலை நீடிக்கும் என்று உறுதி கூற முடியாது.

இவ்வளவும் சொல்வதால், அயல்நாட்டு உணவை விலக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. உண்ண மறுப்பது இழுக்கு என்பாரோடும் நான் சேரமாட்டேன். சைவ விரதமுடையவர் கைகூப்பி வேண்டாமென்று சொன்னால் எந்த நாட்டிலும் மதிப்புக் குறையாது. உடலின் பொருட்டு மறுப்பதும் நியாயமே. இறால், நண்டு ஒவ்வாதவருக்குப் பூச்சியுணவும் ஒவ்வாமற்போகக்கூடும் என்பது பலர் அறியாத விஷயம். மரியாதையோடு மறுத்தவர் அந்தப் பந்திக்குத் தீங்கொன்றும் செய்வதில்லை. துப்புவதற்கென்றே வாயிலிட்டவர் செய்கிறார்.

ஆகவே வெளிநாடு செல்லும் நம் இளைஞர்களுக்கு நான் வேண்டுவது ஒன்று. தட்டில் புதிய பதார்த்தம் எதைக் கண்டாலும், பரிமாறுகிறவரிடம், இதை உங்கள் வீட்டில் எந்தக் காலத்தில், எதனோடு சேர்த்து, எவ்வளவு உண்பீர்கள் என்று முதலில் விசாரியுங்கள். அவர் மகிழ்ந்து விவரிப்பாரானால், உங்கள் உடலும் விரதமும் இடம்கொடுக்குமாயின், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் உண்பதுபோலவே அமர்ந்து உண்ணுங்கள். நாங்கள் உண்பதில்லை, இது உங்களைப்போல் வருகிறவர்களுக்காக என்று அவர் சொல்வாரானால், காசைச் செலவிடாமல் அடுத்த தெருவுக்குச் சென்று, அவ்வூரார் கூட்டமாக உட்கார்ந்து உண்ணும் கடையைத் தேடுங்கள்.