பார்த்துக் கீறுகிறவர்கள் சார்பாக

'வெள்ளைக்காரன் கீறிய மலையைப் பார்த்துக் கீறுவதும் ஒரு கலையா?' என்று எங்களிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எம்மவர்கள்தான். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் தொங்கவிடப் படம் தேடுகிறவர்கள். அகதி என்றால் தன் காயத்தைக் கீறவேண்டும். அல்லது பனைமரத்தைக் கீறவேண்டும். மூன்றாவது வழி எங்களுக்கு அனுமதிக்கப்படவில்லை.

டோர்வலில் ரெஸ்ரோறன்ற் குசினிகளில் வேலை செய்யும் நாங்கள் சிலர் லீவு நாட்களில் எண்ணெய் வர்ணம் பழகுகிறோம். பார்த்துக் கீறுவது, காஸ்பார் டேவிட் பிரீட்ரிக் என்ற ஜெர்மானியர் 1818 அளவில் வரைந்த படத்தை. பாறை உச்சியில் ஒருவன் எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறான். கீழே மூடுபனிக் கடல். மூலம் ஹாம்பேர்க்கில் இருக்கிறது. எங்களிடம் இருப்பது அச்சுப்படம்.

பார்த்துக் கீறுவது இழிவென்றால் முதலில் ரேர்ணரை இழிவுபடுத்துங்கள். 1790களில் லண்டனில் மன்றோ என்ற வைத்தியர் வீட்டில், மாலை 6 மணி தொடக்கம் 10 மணி வரை, வேறொருவரின் நிலக்காட்சிகளைப் பிரதி செய்தவர் அவர். கூலி ஒரு இரவுக்கு 3 சிலிங் 6 பென்ஸ். அந்தக் கூலி வேலையில் பழகிய கைதான் பிறகு கடலையும் புயலையும் கீறியது.

கை பழகும்போது கண்ணும் திறக்கிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்கவேண்டும், மேற்பூச்சில் கூடுதலாக. மாறினால் மேற்பரப்பு வெடிக்கும். ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே பொறுமை தேவை. பிரீட்ரிக்கின் பனி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மெல்லிய பூச்சு. இன்னொன்றும் அறிந்தோம்: அந்த மலைகள் எங்கும் அப்படி ஒன்றாக நிற்கவில்லை. எல்ப நதிப் பக்கத்து மணற்கல் மலைகளில் தனித்தனியே கீறியெடுத்த பாறைகளை அவர் டிரெஸ்டனில் அறைக்குள் இருந்து பொருத்தினார். இயற்கை என்று நாம் மயங்குவது ஒரு தச்சுவேலை.

இப்போது உங்கள் பனைமரத்துக்கு வருவோம். செக்கச் சிவந்த அந்தி, ஒற்றை மாட்டுவண்டி, தூரத்தில் கோபுரம். இது யாழ்ப்பாணமா, கலண்டரா? ரவிவர்மா, எண்ணெய் வர்ணத்தைத் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் வேலை செய்வதைப் பார்த்தே பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அவர் 1894ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீடு வீடாகப் போயின. எங்கள் கலண்டர்கள் அந்தப் பரம்பரையின் பிள்ளைகள். நீங்களும் பார்த்துத்தான் கீறுகிறீர்கள். வித்தியாசம் ஒன்றுதான்: எதைப் பார்க்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்து பிரதி செய்கிறவன் ஒருநாள் அதிலிருந்து வெளியேறலாம். தெரியாமல் செய்கிறவன் அதையே ஊர் என்று பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போவான்.

'அந்தப் பனிக்குள் ஒரு படகையாவது சேருங்கள்' என்று சிலர் சமரசம் பேசுகிறார்கள். 1986 ஓகஸ்ட் 11ல் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. பிரீட்ரிக்கின் மனிதன் பனிக்கு மேலே நிற்கிறான், எங்கள் சனம் பனிக்குள்ளே கிடந்தது. இந்த வேறுபாட்டை எங்களுக்குக் காட்டியது மேடைப் பேச்சல்ல, தூரிகை. ஆனால் பனியைக் கீறத் தெரியாதவன் படகைக் கீறினால் அது சுவரொட்டியாகத்தான் வரும். அந்த 155 பேருக்கும் சுவரொட்டி போதாது.

டோர்வலின் கரையில் சென் லூயிஸ் ஏரி கிடக்கிறது. அதன் மேலும் பனி இறங்குகிறது. அதைக் கீறும் நாள் வரும்போது யாரிடமும் அனுமதி கேட்கமாட்டோம். அதுவரை இரவல் மலையில் பழகுகிறோம். படம் தேடுகிறவர்கள் வேறு சுவர் பார்க்கட்டும்.