வண்டி ஒழுகினால் நீர் ஊற்றலாமோ?

மோட்டார் வண்டி உடையார் பலரிடம் ஒரு வழக்கம் காணப்படுகின்றது. காலையில் வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்பர். நீர் குறைந்திருப்பின் ஒரு செம்பு நீரை ஊற்றி மூடுவர். மறுநாளும் அவ்வாறே செய்வர். குறைந்த நீர் எங்கே சென்றதென்று வினவுவார் அரியர். யானும் மூன்று மாதகாலம் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டவனே யாதலின், பிறரைக் குறைகூறும் உரிமை எனக்குச் சிறிதே உண்டு. எனினும் அம்மூன்று மாதத்தில் யான் இழந்த பொருளும் அறிந்த உண்மையும் நம் கலாசாலை அன்பர்க்குப் பயன்படக் கூடுமென்று கருதி இதனை எழுதலானேன்.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. ஏறக்குறைய அத்துணை வெப்பம் புகையோடு வெளியேறும். எஞ்சியதிற் பெரும்பகுதியைச் சுமந்து சென்று ரேடியேட்டரிற் காற்றுக்குக் கொடுப்பது இந்நீரே. இஃது அடைபட்ட சுற்று. நாள்தோறும் நீர் குறையுமாயின் எங்கோ கசிவு உண்டென்பது திண்ணம். "வெயிலில் ஆவியாகிவிட்டது" என்பது நம் சோம்பலுக்கு நாமே கூறிக்கொள்ளும் சமாதானம்.

ரேடியேட்டரின் மூடியும் வெறும் மூடியன்று. பல வண்டிகளில் அது சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தத்தை உள்ளே நிறுத்திவைக்கும் வால்வு. 100 டிகிரி செல்சியஸிற் கொதிக்கும் நீர் அவ்வழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிப்பதில்லை. பௌதிக வகுப்பில் இதனை எழுதி மதிப்பெண் பெற்ற நாமே, ஓடிநின்ற வண்டியின் மூடியைத் துணியால் பற்றித் திருகுகின்றோம்! அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருந்த நீர் பொங்கி ஆவியாய்ப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரன்றி அம்மூடியைத் தொடலாகாது.

"கூலண்ட் என்பது பனி உறையும் நாட்டார்க்கே, நமக்குக் கிணற்று நீர் போதும்" என்று வாதிப்பாரும் உளர். எதிலீன் கிளைக்கால் பாதியும் நீர் பாதியுமான கலவை உறைநிலையைத் தாழ்த்துவதோடு கொதிநிலையை உயர்த்தவும் செய்கின்றது. அதனுட் சேர்த்த மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. கோடை வெப்பத்தில் நெரிசலில் ஊரும் வண்டிக்கு இவ்விரண்டும் வேண்டாவோ? செம்புசெம்பாய் நீர் ஊற்றுந்தோறும் கலவை நீர்த்துப்போகின்றது. கடின நீராயின் உப்பும் படிகின்றது.

நிற்க. என் வண்டியை யான் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்தோர் முன்னே பார்த்த மாத்திரத்தில் ரேடியேட்டர் கெட்டதென்று கூறிப் புதியது பூட்டினர். நான்காம் நாள் நீர் மறுபடியும் குறைந்தது. பின்னர் முதிய மெக்கானிக் ஒருவரை அடைந்தேன். அவர் எதனையும் கழற்றவில்லை. இரவு முழுதும் ஆறவிட்ட வண்டியின் மூடியிருந்த இடத்திற் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் எழுதியிருந்த அளவிற்கு அழுத்தம் ஏற்றி, ஒரு முக்காலியில் அமர்ந்துவிட்டார். பத்து நிமிடத்திற்குள் முள் இறங்கியது. கைவிளக்கோடு குனிந்து, ஹோஸ் குழாய்களின் கிளிப்புகளையும் ரேடியேட்டரின் ஓரங்களையும் வரிசையாய்ப் பார்த்துவந்தவர், வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளையையும் அதன்கீழ் உலர்ந்து படிந்த இளஞ்சிவப்புக் கறையையும் எனக்குக் காட்டினார்.

அத்துளை பழுதன்று. பம்பின் தண்டைச் சூழ்ந்த சீல் தேய்ந்தால், நீர் பேரிங்கினுட் புகாமல் வெளியே வழிந்து தன்னைக் காட்டிக்கொள்ளட்டும் என்றே அதனை வைக்கின்றனர். சொட்டிய துளிகள் எஞ்சின் சூட்டில் உலர்ந்தமையால் தரையில் ஈரம் காணவில்லை. யானோ ஈரத்தையே தேடினேன், கறையைத் தேடவில்லை.

வெளியிற் கசிவு காணாவிடின் உள்ளே தேடுதல் வேண்டும். ஹெட் காஸ்கெட் உடைந்து எரிவாயு நீரிற் கலக்கின்றதா என்றறிய ஒரு நீலத் திரவம் உண்டு. நீரின் மேலுள்ள காற்றை அதனூடே இழுத்தால், பெட்ரோல் வண்டியிற் கரியமிலவாயு இருப்பின் அது மஞ்சளாகும். புரோமோதைமால் நீலத்தை அறிந்த ரசாயன மாணவர்க்கு இது புதுமையன்று. ஏ.ஸி. ஓடுகையிற் கீழே சொட்டும் நிறமற்ற தெளிநீரைக் கண்டு கலங்குதல் வேண்டா; அது காற்றின் ஈரமே. கசிவை அடைக்குமென்று கடைகளில் விற்கும் மருந்து வழியில் நின்ற வண்டி வீடு சேர உதவலாம்; அதனையே தீர்வாகக் கொள்ளின் ரேடியேட்டரின் நுண்குழாய்களும் அடைபடக்கூடும்.

தேடாமல் ஓட்டுவோர் அடையும் நட்டம் சிறிதன்று. நீர் மிகக் குறைந்தால் வெப்பங்காட்டும் கருவி நீரில் மூழ்காமல் நிற்பதால் முள் பொய் கூறவும் கூடும். அலுமினியம் இரும்பைப்போல் இருமடங்கு விரிவது. மிகைவெப்பத்தில் அலுமினிய ஹெட் கோணிவிடும். ஒரு பம்பின் விலையிற் தீரவேண்டியது எஞ்சினையே திறக்கும் செலவாகின்றது. மேலும், தரையில் தேங்கும் கூலண்ட் இனிக்கும் நஞ்சு. நாய் பூனைகள் அதனை நக்கிச் சிறுநீரகம் கெட்டு மாண்டுபோவதுண்டு; சிறுகுழந்தைக்கும் அபாயமே. சிந்தியதை உடனே துடைத்து நீர்விட்டுக் கழுவுக.

"இவையெல்லாம் மெக்கானிக்கின் தொழில்" என்று சிலர் கூறுவர். பம்பு மாற்றுதல் அவர் தொழிலே. ஆயின் "கசிவு இவ்விடத்தில்தான் என்று எங்ஙனம் கண்டீர்?" என்று கேட்டல் உடையவன் கடமை. அவ்வொரு கேள்வியை யான் அப்பட்டறையிற் கேட்டிலேன். கேட்டிருப்பின் அவரும் அழுத்திப் பார்த்திருப்பர்; கற்றவன் கேட்பதற்கு நாணினால் அவர்மேல் மட்டும் பழிசுமத்துதல் முறையாகாது.

ஆதலின் நம் பௌதிகப் பிரிவார் இவ்வழுத்தப் பம்பு ஒன்றை வாங்கி, ஆண்டிற்கு ஒரு பிற்பகல் கலாசாலை வண்டியையே நிறுத்தி மாணாக்கர்க்கு இச்சோதனையைச் செய்துகாட்டலாம் என்பது என் விண்ணப்பம். பழுதே இல்லாத என் பழைய ரேடியேட்டர் வீட்டுத் திண்ணையிற் கிடக்கின்றது. வேண்டுமெனில் அதனையும் சோதனைச்சாலைக்கு அனுப்பிவைக்கின்றேன்.