வானத்து அளவும் வயலின் அளவும்

ஒரே வயலுக்குள் ஒவ்வொரு பகுதியின் தன்மையையும் அறிந்து, அதனதன் தேவைக்கேற்ப நீரும் உரமும் இடுவதைத் துல்லியப் பண்ணையம் என்கிறார்கள். வயலில் எந்த இடம் என்பதைக் காட்டுபவை விண்கலங்கள். அமெரிக்கா ராணுவத்துக்கென அமைத்த ஜி.பி.எஸ். முறையில், பொதுஜன உபயோகத்துக்குத் துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்த தடை 2000 மே மாதத்தில் நீங்கிற்று. நமது தேசமும் 2013 முதல் 2016 வரை ஏழு விண்கலங்களைச் செலுத்தி, ‘நாவிக்’ என்ற சொந்த முறையை ஏற்படுத்தியது. இவற்றால் நாஞ்சில் நாட்டுக் குடியானவர்களுக்கு விளையும் பிரயோஜனம் என்ன என்பதே நமது கேள்வி.

அமெரிக்கப் பண்ணையின் சராசரி விஸ்தீரணம் 2022ஆம் வருஷக் கணக்கின்படி 463 ஏக்கர். தமிழ்நாட்டில் 2015-16ஆம் வருஷக் கணக்கின்படி சராசரி இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களிலோ சென்ட் கணக்கில் சொல்லப்படும் வயல்கள் பல. பத்து சென்ட் வயல் சதுரமாயிருந்தால் பக்கத்துக்கு 20 மீட்டர். சாதாரணக் கைபேசி, திறந்த வெளியிலும் சுமார் 5 மீட்டர் பிசகக்கூடியது. ஆகவே அவ்வயலின் நாலில் மூன்று பங்கில், நிற்குமிடம் நம்முடையதா அண்டை வயலா என்பதையே அது நிச்சயமாய்ச் சொல்லாது. இந்திய நில அளவைத் துறையின் நிலையங்கள் தரும் திருத்தத்தைப் பெறும் கருவியானால் பிழை சில சென்டிமீட்டராகக் குறையும். ஆனால் சிறு விவசாயி அதைத் தனியே வாங்குவது கட்டுபடியாகாது.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது; மண்ணும் தெரிய வேண்டும். 2015ல் மத்திய சர்க்கார் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்துக்கு, ஒரு மண் மாதிரி என்று வகுத்தது. நாஞ்சில் நாட்டில் அந்த நிலம் பலருடைய வயல்களை அடக்கியது. மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் ஒரே சிபார்சு என்றால், வானத்துத் துல்லியம் பூமியில் வீணாகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் 2004ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலம் 400 ஹெக்டேருக்கெனத் தொடங்கிய திட்டம் நமக்கு வழிகாட்டுகிறது. சொட்டு நீர்ப் பாசனமும், அந்நீருடன் உரம் கலந்து விடுவதும், உழவர்கள் சங்கமாகக் கூடியதுமே அதற்கு ஆதாரமாயிருந்தன. அங்கே காய்கறி முக்கியம், இங்கே நெல். எனினும் கூட்டு முயற்சி இரண்டுக்கும் பொது.

ஆகவே தனி மனிதனுக்கு மானியத்தில் கருவி கொடுப்பதால் பயனில்லை என்பது நமது அபிப்பிராயம். ஏலா ஒவ்வொன்றையும் ஓர் அலகாகக் கொண்டு, கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் கருவியை வைக்க வேண்டும். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் மேற்பார்வையில் வயல்தோறும் மண் எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில், உழவர் கையில், கன்னிப்பூ விதைப்புக்கு முன்பே கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு உழவர்களுக்கே உரியதாயிருக்க வேண்டும். உர வியாபாரிக்குப் போகக் கூடாது. 1906ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் கடைமடைக்கு எட்டாவிட்டால் இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காயே. விண்கலம் செலுத்த வல்ல தேசத்துக்கு, வாய்க்காலைத் தூர்வாருவதும் மண்ணைச் சோதிப்பதும் அசாத்தியமல்ல. சர்க்கார் தயங்கினால், ஏலாதோறும் உழவர்களைக் கூட்டி இக்கோரிக்கையை வலியுறுத்துவது தேச ஊழியர்களின் கடமையாகும்.