மெலிந்த கையும் பெரிய கஃபும்

சத்தியமங்கலம் வட்டாரத்தில் குழந்தை மருத்துவம் பார்ப்பவரிடம் ஊருக்குள்ளிருந்து பருமனான பதின்வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தாளவாடி, கடம்பூர் மலைகளிலிருந்து மெலிந்த பிள்ளைகளும் இறங்கி வருகிறார்கள். ரத்த அழுத்தம் என்றதும் நம் கண் பருமனான பிள்ளையின் பக்கமே போகிறது. போகட்டும், அது தேவைதான். ஆனால் மெலிந்த பிள்ளையைத் தவறவிடுகிறோம் என்பதுதான் எங்கள் கவலை.

ஒரு காரணம் கஃப். அதன் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும்; நீளம் 80 முதல் 100 சதவீதம். மேசையில் பெரியவர்களுக்கான கஃப் ஒன்று மட்டும் கிடந்தால், மெலிந்த கையில் அது அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். மிகப் பருத்த கையில் கூட்டிக் காட்டும். சிறுநீரக நோயால் உண்மையாகவே அழுத்தம் ஏறிய பிள்ளை 'நார்மல்' என்று வீடு திரும்புகிறது. இன்னொரு பிள்ளை வீணாக நோயாளி ஆகிறது.

சிறு வயதில் அழுத்தம் உயர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீரகத்தைத்தான். பள்ளி விடுதியில் ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் அறை முழுக்கப் பரவும். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றி, 3 முதல் 6 வாரம் கழித்துச் சிறுநீரக அழற்சி வரலாம். அதற்குள் புண் ஆறியிருக்கும். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. காலையில் முகம் வீங்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். சில பிள்ளைகளுக்கு வலிப்புதான் முதல் அடையாளம். வலிப்போடு வரும் எந்தப் பிள்ளையையும் பி.பி. பார்க்காமல் வலிப்பு மாத்திரையோடு அனுப்பக் கூடாது. தொடை நாடியையும் தொட்டுப் பாருங்கள். மகாதமனிச் சுருக்கத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து விரிவாய்வு, 10 முதல் 19 வயதினரில் 5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. அதே தரவை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வரையறைப்படி பார்த்தபோது, 13 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று வந்தது. ஒரே வருகையில் எடுத்த அளவுகள் அவை. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து உறுதி செய்யாமல் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல்.

மூன்று முறை என்று எழுதிக் கொடுப்பது நமக்கு எளிது. தாளவாடியிலிருந்து வரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாள் கூலி இழப்பு. இரண்டாம் முறை வராவிட்டால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அளவு மலைக்குப் போக வேண்டும். 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால சுவாஸ்திய திட்டத்தின் நடமாடும் குழு ஆண்டுக்கொரு முறை பள்ளிகளுக்குப் போகிறது. ஆனால் அத்திட்டம் பெயர் சொல்லித் தேடும் குறைபாடுகளில் உயர் ரத்த அழுத்தம் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று இந்த இதழ் கேட்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெரியவர்களுக்கு வீட்டிலேயே பி.பி. பார்க்கிறார்கள். அந்த ஊழியர்களின் பையில் சிறுவர் கஃப்கள் இரண்டைச் சேர்த்தால், இரண்டாவது அளவு பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடும். மெஷின் கூட்டிக் காட்டினால் கிராம சுகாதார செவிலியர் ஸ்டெதஸ்கோப் வைத்து, வலக்கையில், பிள்ளையை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்த பிறகு அளக்கட்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பதின்வயதில் 180/120க்கு மேல் போனாலும், சிறு பிள்ளைகளில் 95ஆம் சதமானத்தைவிட 30 கூடுதலாக இருந்தாலும், அல்லது உயர்ந்த அழுத்தத்தோடு தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு இருந்தாலும் மூன்றாவது அளவுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, 108 வண்டியில், மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.