எழுபத்தேழாம் இடத்தவர்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்தவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் வினா, "பிள்ளை எத்தனையாம் இடம்?" என்பதே. கல்லூரியிற் கற்பிக்கும் நாம் இவ்வினாவை ஆண்டுதோறும் கேட்டுப் பழகியவர்கள். முதலிடம் பெற்றவனின் தந்தை நிமிர்ந்து வருவார். பின்தங்கியவனின் தந்தையோ அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெல்ல நழுவுவார். அண்மையில் அவ்வாறு நழுவிய தந்தையொருவரை மறித்து நாம் ஒரு வரலாறு கூறினோம். அதனையே இவ்வாரம் வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

பிலிப்பைன் தீவுகளில் லகூனா மாகாணத்தைச் சேர்ந்த கலம்பா என்னும் ஊரில் 1888ஆம் ஆண்டு விசென்தே லிம் பிறந்தார். தந்தையார் சீன வமிசத்தவர். அந்நாட்டு மக்கள் தேசிய வீரரெனப் போற்றும் ஹோசே ரிசாலின் ஊரும் அதுவே. ஸ்பானிய ஆட்சியாளர் 1896ஆம் ஆண்டு மார்கழியில் ரிசாலை மணிலாவிற் சுட்டுக் கொன்றபோது லிம் எட்டு வயதுச் சிறுவர். சின்னாட்களில் தந்தையையும் இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடாது, ஆசிரிய கலாசாலையிற் பயின்று பாடசாலை ஆசிரியரானார்.

இதற்கிடையில் நாடு ஸ்பெயினின் கையிலிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியிருந்தது. வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் பிலிப்பைன் இளைஞர்களையும் சேர்ப்பதற்கு 1908ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமொன்று வழிவகுத்தது. 1910இல் லிம் அங்கே சென்றார். பிறமொழியிற் பாடம், பழக்கமில்லாத பனி, நிறத்தைக் கண்டு நகைக்கும் தோழர்கள் ஆகிய யாவற்றையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. உடன் பயின்றோர் அவருக்கிட்ட பட்டப்பெயர் "நரமாமிசம் உண்பவன்" என்பதாகும். நான்காண்டுகளின் பின், 1914இல், அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற முதலாவது பிலிப்பைன் நாட்டவர் என்னும் பெருமையோடு அவர் வெளியேறினார். அவ்வாண்டில் தேறிய 107 பேருள் அவர் பெற்றது 77ஆம் இடம்.

இந்த 77 என்னும் இலக்கத்தை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்வார்களாக. அவருக்கு முன்னிற்பவர் எழுபத்தாறு பேர். ஆனால் அவர் நடந்து வந்த தூரத்தை அந்தப் பட்டியல் அளந்து காட்டுவதில்லை.

அமெரிக்கப் படையின் பிலிப்பைன் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றிய லிம் 1936இல் ஓய்வு பெற்றார். பத்தாண்டுகளில் சுதந்திரம் வருமென்ற உறுதியோடு பிலிப்பைன் அக்காலத்திலே தன் சொந்தச் சேனையைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தது. ஓய்வை ஒதுக்கிவிட்டு லிம் அச்சேனையிற் சேர்ந்து, துணைத் தலைமை அதிகாரிகளுள் ஒருவராக உயர்ந்தார். சேனையின் குறைகளை அவர் நன்கு அறிவார். சில மாதப் பயிற்சியே பெற்ற விவசாயப் பிள்ளைகள், பழைய துப்பாக்கிகள், இரும்புத் தொப்பிக்குப் பதிலாகத் தென்னை நாரினாற் செய்த தொப்பிகள், காலிற் கித்தான் சப்பாத்துகள் என்பனவே அச்சேனையின் பலமாயிருந்தன. போர் வருமுன் ஒரு தளபதி அறிந்திருக்க வேண்டியவை இவை. அறிந்தும் தம் இடத்தை விட்டு விலகாதிருப்பது அதனினும் அரிது.

1941ஆம் ஆண்டு மார்கழியில் யப்பானியர் படையெடுத்தனர். பிரிகேடியர் ஜெனரல் லிம் 41ஆம் டிவிசனின் தளபதியாகப் பத்தான் குடாநாட்டினுட் புகுந்தார். உணவு முதலிற் பாதியாகவும், பின்னர் அதிலும் குறைவாகவும் பங்கிடப்பட்டது. குவினைன் அருகியமையால் மலேரியா பரவிற்று. உதவிக் கப்பல்கள் வரவில்லை. ஆயினும் அபூக்காய் என்னுமிடத்தில் அவ்விளைஞர்கள் தை மாதத்தில் எதிரியை எதிர்த்து நின்றனர். பின்வாங்கிய பின்னர் சமாத் மலையடியில் மீண்டும் அணிவகுத்தனர்.

1942ஆம் ஆண்டு சித்திரை 3ஆந் திகதி பெரிய வெள்ளிக்கிழமை. அன்று யப்பானியரின் பீரங்கிகளும் ஆகாய விமானங்களும் அந்த மலைப்பகுதியிற் குண்டுமாரி பொழிந்தன. உலர்ந்த மூங்கிற் காடுகள் தீப்பற்றின. பசியாலும் நோயாலும் ஏற்கெனவே நைந்திருந்த 41ஆம் டிவிசனின் அணி சிதறிற்று. இதனை நாம் மறைக்க விரும்பவில்லை. அவருடைய படை தோற்றது. 9ஆந் திகதி பத்தானிலிருந்த சேனை முழுவதும் அமெரிக்கத் தளபதி எட்வர்ட் கிங்கின் கட்டளைப்படி சரணடைந்தது.

அந்த வாரம் நம் நாட்டிற்கும் அந்நியமானதன்று. 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பத்தானிற் சரணாகதி நடந்த அதே நாளிலேதான் திருகோணமலைத் துறைமுகம் எரிந்தது. நம் பாட்டன் பாட்டிமார் ஊரைவிட்டு ஓடிய கதைகளைக் கூறக் கேட்டவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

சரணடைந்தோர் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம் வெயிலில் நடத்திச் செல்லப்பட்டனர். உலகம் அதனை "மரண நடை" என்று குறிப்பிடுகின்றது. ஒடொனல் முகாமில் மாத்திரம் 20,000இற்கும் மேற்பட்ட பிலிப்பைன் வீரர் மாண்டனர். அங்கிருந்து உயிருடன் மீண்ட லிம்மை யப்பானியர் தம் ஆட்சியின் கீழ்ப் பதவியேற்குமாறு வற்புறுத்தினர். அவரோ நோயுற்றவராகக் காட்டிக்கொண்டு மணிலா ஆஸ்பத்திரியிற் படுத்தார். படுக்கையிலிருந்தே மறைமுகப் போராளிகளோடு தொடர்பு கொண்டார். 1944ஆம் ஆண்டு ஆனியில், நீர்மூழ்கிக் கப்பலொன்றை அடைந்து ஜெனரல் மக்ஆதரிடம் செல்லப் புறப்பட்டவர், வழியில் பத்தங்காஸ் பகுதியிற் பிடிபட்டார். முன்னர் ரிசாலைச் சிறைவைத்த சந்தியாகோ கோட்டையே அவருக்கும் சிறையாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆதலின் கல்லறையும் இல்லை.

அவருடைய துணைவியார் பிலார் இடால்கோ அம்மையார் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்தவர். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். போரின் பின் மக்களை வளர்த்ததோடு, கல்விப் பணியிலும் சிறுமியர் சாரணர் இயக்கத்திலும் தலைமை ஏற்றார். அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த ஹொசேபா எஸ்கோடா அம்மையாரும் கைதிகளுக்கு உணவும் செய்தியும் கொண்டுசென்றமைக்காக யப்பானியராற் கொல்லப்பட்டவரே. 1991இல் வெளிவந்த ஆயிரம் பேசோ நாணயத்தாளில் லிம், எஸ்கோடா, பிரதம நீதியரசர் ஹோசே அபாத் சாந்தோஸ் ஆகிய மூவரின் முகங்களும் பொறிக்கப்பட்டன. மூவரும் பணிய மறுத்து உயிர் துறந்தவர்கள். 2022இல் வெளியிடப்பட்ட புதிய தாளில் அவர்களுக்குப் பதிலாகக் கழுகொன்று இடம்பெற்றபோது அந்நாட்டிற் பலர் மனம் வருந்தினர். நாணயத்தாளின் முகம் மாறலாம். வாழ்ந்த வாழ்க்கை மாறுவதில்லை.

இத்தனையும் கூறி முடித்ததும் அந்தத் தந்தை சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அந்த எழுபத்தாறு பேரின் பெயரும் உங்களுக்குத் தெரியுமா, மாஸ்ரர்?" என்று வினவினார். தெரியாது என்றோம். அவர் சட்டைப்பையிலிருந்த அறிக்கையை வெளியே எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, கையிற் பிடித்தபடியே வீட்டிற்குச் சென்றார்.

மாணவர்களே, சோம்பியிருந்து பின்தங்குவோருக்கு இவ்வரலாறு சாட்டாகாது. லிம் ஒருநாளும் சோம்பியிருந்தவரல்லர். முயன்று பெற்ற இடம் எதுவாயினும் அதற்காக நாணவேண்டியதில்லை என்பதே நாம் கூறுவது. பட்டியலில் எத்தனையாம் இடத்தில் நிற்கின்றோம் என்பதைப் பரீட்சகர் தீர்மானிப்பர். இக்கட்டு நேரத்தில் எந்தப் பக்கம் நிற்கின்றோம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.