கையெழுத்து போட்டாச்சு... அப்புறம்?

போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா பள்ளிக்கூடக் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. என் தங்கச்சி ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அம்மா அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். பெரிய பதவிதான், ஆனா சம்பளம் கிடையாது. ஒரு டீ உண்டு, சில மாசம் பிஸ்கட்டும் உண்டு.

"என்னம்மா பேசினாங்க?"

"என்னமோ அடுத்த வருசத் திட்டம்னாங்க சாமி. நோட்டுல கையெழுத்து கேட்டாங்க, போட்டுட்டு வந்தேன்."

"என்ன திட்டம்?"

"அதையெல்லாம் எங்க வாசிச்சாங்க? எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

நான் பி.காம் மூணாம் வருசம். காலையில்தான் வகுப்பில் நிறுவனச் சட்டம் நடத்தினாங்க. ஒரே ஒரு பங்கு வச்சிருக்கிறவருக்குக் கூட கம்பெனி ஆண்டறிக்கை அனுப்பணும், வருசத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் போட்டுக் கணக்கைக் காட்டணும். பரீட்சையில் நிச்சயம் வரும் கேள்வி, அதனால மனப்பாடம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தோணினது இதுதான்: நூறு ரூபா பங்குக்கு இருக்கிற மரியாதை, பெத்த பிள்ளையையே கொண்டுபோய் விட்டிருக்கிற அம்மாவுக்கு ஏன் இல்லை?

அப்புறம் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். படிச்சதும் கோபம் கொஞ்சம் குறைஞ்சு ஆச்சரியம்தான் அதிகமாச்சு. ஏன்னா அந்த மரியாதை சட்டத்தில் இருக்கு. நாமதான் கேட்கலை.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோட 21-ஆம் பிரிவு சொல்றது பள்ளி மேலாண்மைக் குழு பற்றி. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். குழுவோட வேலை என்னன்னு பார்த்தா, பள்ளி எப்படி நடக்குதுன்னு கண்காணிக்கிறது, வர்ற பணம் எப்படிச் செலவாகுதுன்னு பார்க்கிறது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கிறது. தலைமையாசிரியர் தயாரிச்ச திட்டத்தில் கையெழுத்து போடுறது வேலைன்னு எங்கேயும் எழுதலை. தயாரிக்கிறதே குழுவோட வேலை.

அடுத்த 22-ஆம் பிரிவு முழுக்க அந்தத் திட்டத்தைப் பற்றித்தான். அதில் என்ன இருக்கணும்னு மத்திய அரசோட மாதிரி விதிகள் தெளிவா சொல்லுது. மூணு வருசத் திட்டம், அதுக்குள்ளே ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு துணைத் திட்டம். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் சேருவாங்கன்னு ஒரு கணிப்பு. கூடுதலா எத்தனை ஆசிரியர் வேணும், எத்தனை அறை வேணும், எவ்வளவு பணம் வேணும். இதையெல்லாம் நிதியாண்டு முடிய மூணு மாசம் இருக்கும்போதே முடிச்சுடணும். அதாவது டிசம்பர் கடைசிக்குள்ளே! அம்மா கையெழுத்து போட்டது ஏன் டிசம்பர்லன்னு அப்பத்தான் புரிஞ்சது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் ரொம்ப நாள் பேருக்குத்தான் இருந்தது. 2022-ல்தான் அரசு தூசி தட்டி எடுத்தது. அந்த வருசம் மார்ச் 20 அன்னிக்கு எல்லா அரசுப் பள்ளியிலும் பெற்றோர் கூட்டம் நடத்தி, அப்புறம் 20 பேர் கொண்ட குழுவா மாத்தி அமைச்சாங்க. 2024 ஆகஸ்டில் மறுபடி அமைச்சப்போ 24 பேர் ஆச்சு, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தாங்க. தீர்மானங்களைப் பதிவு செய்யச் செயலி கூட வந்தது. ஆக ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. மேலே போகிற வழியெல்லாம் போட்டாச்சு. பள்ளியிலேர்ந்து தலைமைக்கு விவரம் போகுது. ஊருக்குள்ளே திரும்பி வர்ற வழியைத்தான் காணோம்.

இன்னொண்ணும் கவனிச்சேன். இந்த உரிமை அரசுப் பள்ளிகளுக்குத்தான். அரசு உதவி இல்லாத தனியார் பள்ளிக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கலாம், ஆனா சட்டப்படி திட்டம் போடுற குழு கிடையாது. ஐம்பதாயிரம், அறுபதாயிரம்னு கட்டுற அப்பாக்களுக்கு இல்லாத உரிமை வெல்ல ஆலையில் கூலிக்குப் போகிற அம்மாக்களுக்கு இருக்கு. எங்க ஊர் நெய்க்காரப்பட்டியில் பொங்கல் நெருங்கினா வெல்லம் காய்ச்சுற இடத்தில் ராப்பகலா வேலை இருக்கும். டிசம்பர்தான் உச்சம். அதே டிசம்பரில்தான் இந்தத் திட்டமும் கையெழுத்தாகுது. கூலியை விட்டுட்டு வந்து கூட்டத்தில் உட்காருகிறவங்களுக்கு ஒரு தாளை வாசிச்சுக் காட்ட நேரமில்லைன்னா எப்படி?

சரி, அந்தத் தாளில் அப்படி என்ன பெரிய ரகசியம் இருக்கப் போகுதுன்னு கேட்கலாம். ரகசியம் இல்லை, கணக்குத்தான் இருக்கு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம்னு ஒண்ணு வரும். அது பிள்ளைகளோட எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரைக்கும் வருசத்துக்கு 10,000 ரூபாய். 100 வரைக்கும் 25,000. 250 வரைக்கும் 50,000. 1000 வரைக்கும் 75,000. அதுக்கு மேலே 1 லட்சம். இதில் குறைஞ்சது 10 சதவீதத்தைத் தூய்மைக்குச் செலவு பண்ணணும்.

180 பிள்ளைகள் இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கு 50,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு பிள்ளைக்கு வருசத்துக்கு 278 ரூபாய். அதில்தான் சாக்பீஸ், கரண்ட் பில், பல்பு, குழாய் ரிப்பேர் எல்லாம். தூய்மைக்கான பங்கு 5,000. ஆறாம் வகுப்பிலேர்ந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வருசத்துக்கு 220 வேலை நாள்னு சட்டம் சொல்லுது. வகுத்துப் பார்த்தா கழிவறையைச் சுத்தமா வைக்க ஒரு நாளைக்கு 23 ரூபாய்கூட வராது. இதைப் பார்த்தப்புறம் தலைமையாசிரியர் மேலே எனக்கு இருந்த கோபம் பாதி போயிடுச்சு. அவரும் பாவம்தான், என்ன பண்ணுவார்?

இன்னொரு கூத்து பாருங்க. 31 பிள்ளை இருந்தா 25,000. அதில் ஒரே ஒரு பிள்ளை டிசி வாங்கிட்டுப் போனா 10,000. ஒரு பிள்ளை போனதுக்கு 15,000 ரூபாய் போச்சு! ஆனா கூரை அதே கூரை, மோட்டார் அதே மோட்டார். நம்ம பக்கத்துச் சின்னப் பள்ளிகளுக்கு வளர்ச்சிச் சிக்கல்னா இதுதான். கூட்டம் அதிகமாகி இடம் இல்லாத சிக்கல் சில மேல்நிலைப் பள்ளிகளுக்கு. தொடக்கப் பள்ளிகளுக்குத் தேய்கிற சிக்கல்.

ஆசிரியர் கணக்கும் இப்படித்தான். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரைக்கும் 2 ஆசிரியர், 90 வரைக்கும் 3 பேர். அதாவது சட்டத்தை ஒரு எழுத்து மீறாமலே அஞ்சு வகுப்பை ரெண்டு பேர் பார்க்கலாம். அதில் ஒருத்தர் பயிற்சிக்கோ, கணினியில் விவரம் ஏத்தவோ போயிட்டா மிச்சம் ஒருத்தர். இதைப் பார்க்கிற பெற்றோர் வேனில் ஏத்தி வெளியே அனுப்புறாங்க. எண்ணிக்கை இன்னும் குறையுது, மானியமும் குறையுது. கொரோனா வந்த 2020, 2021-ல் நிறைய பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தாங்க. வந்தவங்களில் எத்தனை பேர் தங்கினாங்க, போனவங்க ஏன் போனாங்கன்னு எந்தப் பள்ளியாவது ஊரைக் கூட்டிப் பேசியிருக்குமா?

குழுவுக்கு ஒண்ணும் அதிகாரமில்லைன்னும் சொல்ல முடியாது. 2022-ல் காலியா இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிகமா நிரப்புற பொறுப்பை அரசு இந்தக் குழுக்கள்கிட்டதான் கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய்னு அறிவிச்சாங்க. பெரிய எதிர்ப்பு கிளம்பி, மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்கு போச்சு. அந்தச் சம்பளம் நியாயமான்னு கேட்டா இல்லைன்னுதான் நானும் சொல்வேன். ஆனா ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இருக்குன்னு நம்பின குழுவுக்கு, செலவுக் கணக்கை வாசிக்கத் தகுதி இல்லையா?

பக்கத்தில் ஆள் இல்லாத ஊரா, வழிகாட்ட? காமராஜர் காலத்தில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநரா இருந்தப்போ பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தது. பள்ளிக்கு என்னென்ன தேவைன்னு பட்டியல் போட்டு ஊர் முன்னாடி வச்சாங்க. ஊர்க்காரங்க பெஞ்சு, மணி, கடிகாரம், கட்டடம்னு ஆளுக்கொண்ணு ஏத்துக்கிட்டாங்க. முதலில் பட்டியல், அப்புறம்தான் உதவி. பட்டியலே தெரியாம யார் என்ன கொடுப்பாங்க? வெளிநாட்டு உதாரணம் வேணும்னா அமெரிக்காவில் சிகாகோ நகரம். 1988-ல் சட்டம் போட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ளூர்க் குழு வச்சாங்க. பெற்றோர் பெரும்பான்மையா இருக்கிற அந்தக் குழு பள்ளியோட திட்டத்துக்கும் செலவுக்கும் ஒப்புதல் கொடுக்கணும். எல்லாப் பள்ளியும் அதால் தேறிடுச்சுன்னு சொல்ல வரலை. கேள்வி கேட்க ஓர் இடம் இருந்ததுங்கிறதுதான் விசயம்.

இப்ப எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன். இதை ஓர் ஆசிரியர்கிட்டே பேசினப்போ அவர் சொன்னார்: "தம்பி, இந்தப் பள்ளியில் 40 பிள்ளைதான், ரெண்டு வாத்தியார்தான்னு பலகையில் எழுதிப் போட்டா இருக்கிற நாற்பதும் போயிடும்." நியாயமான பயம்தான். ரெண்டு நாள் இதையே யோசிச்சேன். ஆனா அந்த எண்ணிக்கை ஊருக்குத் தெரியாதா? காலையில் எட்டரை மணிக்கு உடுமலை ரோட்டில் நின்னா எத்தனை மஞ்சள் வேன் போகுதுன்னு எண்ணிடலாம். குறை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குறையைத் தீர்க்கப் பள்ளி என்ன கேட்டது, யார்கிட்டே கேட்டது, என்ன பதில் வந்ததுங்கிறதுதான் தெரியாது. அதைச் சொல்லாததால பழி முழுக்கப் பள்ளி மேலே விழுது.

2024-25-ல் என்ன ஆச்சு? சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு கொடுக்காம நிறுத்தினது. தேசியக் கல்விக் கொள்கையோட சேர்ந்த பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்து போடாததுதான் காரணம். 2025-ல் மாநில அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போச்சு. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினாங்க. ஆனா அந்தச் சண்டையால நம்ம பள்ளிக்கு எந்த வேலை நின்னுச்சுன்னு எந்தப் பெற்றோருக்குமே தெரியாது. தெரிஞ்சிருந்தா அது கட்சிச் சண்டையா தெரிஞ்சிருக்காது, நம்ம வீட்டு விசயமா தெரிஞ்சிருக்கும்.

அதனால நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விசயம். வருசக் கடைசியில் ஒரே ஒரு தாள். பெரிய எழுத்தில், தமிழில், பள்ளி வாசலில். அதில் அஞ்சு விவரம் போதும்.

1. போன வருசம் எத்தனை பிள்ளை, இந்த வருசம் எத்தனை?
2. ஆசிரியர் இடம் எத்தனை, இருக்கிறவங்க எத்தனை?
3. எவ்வளவு பணம் வந்தது, எதுக்குச் செலவாச்சு?
4. அடுத்த வருசம் முதலில் செய்யப் போகிற மூணு வேலை என்ன?
5. கேட்டும் கிடைக்காதது என்ன?

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம். பெருமையை எல்லாரும் பலகையில் எழுதுவாங்க. கிடைக்காததை எழுதினாத்தான் ஊர் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிக்கும். தாளை ஒட்டினா மட்டும் போதாது, கூட்டத்தில் ஒருத்தர் சத்தமா வாசிக்கணும். படிக்கத் தெரியாதவங்களும் உறுப்பினர்தானே.

கடைசியா வீட்டு விசயத்துக்கு வர்றேன். தங்கச்சி தினமும் தண்ணி பாட்டிலை நிறையக் கொண்டுபோய் நிறையவே திரும்பக் கொண்டு வருவா. சோம்பேறின்னு நான் திட்டியிருக்கேன். அம்மா ஒரு நாள் தனியாக் கூப்பிட்டுக் கேட்டப்பத்தான் சொன்னா. கழிவறையில் தண்ணி வர்றதில்லை, அதனால பொண்ணுங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்லையாம். காலையிலேர்ந்து நாலு மணி வரைக்கும்.

ஜனவரிக் கூட்டத்தில் அம்மா எந்திரிச்சு நின்னு, "கையெழுத்து போடறேனுங்க சார், முன்னாடி அதை வாசிச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டாங்க. அஞ்சாவதோட படிப்பை நிறுத்தின எங்க அம்மா! தலைமையாசிரியர் கோபப்படலை, உட்கார்ந்து வாசிச்சார். திட்டத்தில் ஸ்மார்ட் வகுப்பறை இருந்தது, சுற்றுச்சுவருக்குப் பெயிண்ட் இருந்தது. கழிவறை மோட்டார் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விடலை, யாரும் சொல்லலை, அவ்வளவுதான். அன்னிக்கு அதையும் எழுதிச் சேர்த்தாங்க. மோட்டார் இன்னும் வரலை. ஆனா கேட்டிருக்கோம்னு நோட்டில் இருக்கு. அடுத்த கூட்டத்தில் "அது என்னாச்சு?"ன்னு கேட்கலாம்.

இதைப் படிக்கிறவங்களில் பாதிப் பேர் அரசுப் பள்ளியில் படிச்சவங்கதான், எனக்குத் தெரியும். முன்னாள் மாணவர்னு இப்ப குழுவிலேயே இடம் இருக்கு. வாட்ஸப் குழுவில் பழைய போட்டோ போட்டு "அந்த நாள் ஞாபகம்"னு எழுதறதோட நிறுத்தாம, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க படிச்ச பள்ளிக்குப் போய்ப் பாருங்க. போய்ச் சண்டை எல்லாம் போட வேண்டாம். அந்தத் தாளை வாசிக்கச் சொல்லுங்க, போதும்.

உங்க ஊர்ப் பள்ளியில் போன வருசத் திட்டத்தில் என்ன எழுதியிருக்குன்னு உங்க வீட்டில் யாருக்காவது தெரியுமா? கேட்டுப் பார்த்துச் சொல்லுங்க.