கீறல் போகவில்லை சாமி, பெயின்ட்தான் போகிறது!

ஒருவர் காரை சர்வீஸுக்கு விடுகிறார். ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் மனதில். சர்வீஸ் அட்வைசர் காரை ஒரு சுற்று சுற்றி வருகிறார். கதவருகே குனிந்து, உச்சுக் கொட்டி, "என்ன சார், வண்டி ஃபுல்லா ஸ்கிராட்ச்சா இருக்கு? ஒரு ரப்பிங் பாலிஷ் போட்டுடலாமா? புதுசு மாதிரி ஆயிடும்" என்கிறார்.

புதுசு மாதிரி! இந்த இரண்டு வார்த்தைக்கு மயங்காத கார்க்காரர் உண்டா? எஸ்டிமேட்டில் ஒரு டிக். கூடவே 'டெஃப்லான் கோட்டிங்' என்று இன்னொரு டிக். சாயங்காலம் வண்டி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சந்தோஷப்பட முடியாத ஒரே ஆள் அந்தக் கார். அதன் தோலை உரித்து, உரித்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"இது கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று கேட்பவர்களுக்காக, முதலில் கார் பெயின்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு அடுக்கு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம் கொடுக்கும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்த்தால் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது! வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கிக்கொண்டு கீழே இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுவது இந்த மெல்லிய சமாச்சாரம்தான்.

கார்க்காரர் தினமும் பார்த்துப் புலம்பும் கீறல்களில் பெரும்பாலானவை இந்தக் கிளியர் கோட்டின் மேற்பரப்பில் விழுந்தவை. சரி, பாலிஷ் போட்டால் அவை எப்படி மறைகின்றன? கீறலுக்குள் ஏதோ போய் நிரம்பிவிடுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. கீறல் ஒரு பள்ளம். பாலிஷ் பள்ளத்தை மூடுவதில்லை, சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ரோட்டில் ஒரு குழி இருக்கிறது என்று ரோடு முழுவதையும் குழியின் ஆழத்துக்கு வெட்டி எடுத்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

நுண்ணிய பாலிஷ் என்றால் ஒரு மைக்ரான் அளவுக்குப் போகும். கம்பளி பேடும் முரட்டு காம்பவுண்டும், பின்னால் பத்து வண்டி காத்திருக்கும் அவசரமும் சேர்ந்தால் ஒரே தடவையில் சில மைக்ரான்கள் போய்விடும். "அதான் நாற்பது இருக்கே" என்று கணக்குப் போடாதீர்கள். கிளியர் கோட் மெலிய மெலிய வெயிலைத் தாங்கும் சக்தியும் போகிறது. சில வருடங்களில் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக உரியும் கார்களை ரோட்டில் பார்த்திருப்பீர்கள். ஓரங்களிலும் வளைவுகளிலும் நிலைமை இன்னும் மோசம். அங்கே பஃபிங் மெஷின் நொடியில் நிறம் வரைக்கும் இறங்கிவிடும்.

போனதைத் திரும்ப வாங்க முடியுமா என்றால், அதுவும் முடியாது. தொழிற்சாலையில் வெறும் பாடியாக இருக்கும்போது பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். ஓடும் காரை அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் உருகிவிடும். அதனால் ஒர்க்‌ஷாப் பூத்தில் அறுபது டிகிரி வாக்கில்தான் உலர்த்துவார்கள். கம்பெனி பெயின்ட் போனால் போனதுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்க வேண்டும், மூலதனத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டத்தின் அரிச்சுவடி. பங்குதாரர் கை தட்டுவார், கம்பெனி திவாலாகும். சர்வீஸுக்கு சர்வீஸ் ரப்பிங் போடுவது, மூலதனத்தை எடுத்து பளபளப்பு என்கிற டிவிடெண்ட் கொடுக்கும் வேலை. பில்லில் அதற்கு 'பராமரிப்பு' என்று பெயர் வேறு!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் ஒரு நியாயம் இருந்தது. கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் பெயின்ட் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிடும். அதைத் தேய்த்து எடுத்தால்தான் நிறம் தெரியும். தேய்க்கும்போது துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும், அதனால் என்ன போகிறது என்று சொந்தக்காரர் கண்ணுக்கும் தெரியும். இப்போது போவது நிறமில்லாத அடுக்கு. துணியில் ஒன்றும் தெரிவதில்லை, ஆகவே ஒன்றும் போகவில்லை என்று முடிவு!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. சில இடங்களில் கீறலை எடுப்பதுகூட இல்லை. எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸைத் தடவி, பள்ளத்தைத் தற்காலிகமாக மூடி அனுப்பிவிடுவார்கள். மூன்று வாட்டர் வாஷில் கிளேஸ் போகும், கீறல் திரும்பி வரும், கார்க்காரரும் திரும்பி வருவார். (பிசினஸ் மாடல் என்றால் இது!) பாலிஷ் போட்ட இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது டெஃப்லான். 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் இது. உருகுநிலை 327 டிகிரி. தோசைக்கல்லில் ஒட்ட வைக்க அதைவிட அதிகமாகச் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டைக் கார் பெயின்ட் தாங்குமா? தாங்காது. அப்படியானால் சர்வீஸ் சென்டரில் அரை மணி நேரத்தில் கையால் தடவப்படுவது தோசைக்கல்லில் இருப்பது மாதிரியான பூச்சாக இருக்க முடியாது. அது செய்யும் வேலை ஒரு வாக்ஸ் செய்யும் வேலைதான். வாக்ஸ் நல்லதுதான், ஆனால் வாக்ஸ் விலையில் வாங்குவது இன்னும் நல்லது.

செராமிக் கோட்டிங் நிஜமான பொருள். தண்ணீர் ஒட்டாது, அழுக்கு சுலபமாகக் கழுவிப் போகும். ஆனால் "9எச் கடினம், கீறலே விழாது" என்கிறார்களே, அந்த 9எச் பென்சிலை வைத்துச் செய்யும் சோதனையின் அளவுகோல். வைரத்துக்குப் பத்து கொடுக்கிற மோஸ் அளவுகோல் வேறு. தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவில் 7. அதற்கு இந்தக் கோட்டிங்கும் கீறுபடும், கிளியர் கோட்டும் கீறுபடும்.

இன்ஷூரன்ஸில் போட்டுக்கொள்ளலாமே என்கிற புத்திசாலிகளுக்கு ஒரு கணக்கு. கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒருவருக்கு சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 கட்டுகிறார். 4,000 ரூபாய் கீறலுக்கு கிளெய்ம் போடுகிறார். போனஸ் பூஜ்யம். பிரீமியம் மாறாமல் இருந்தால் அடுத்தடுத்த வருடங்களில் அவர் கட்டுவது 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. கூடுதலாகப் போனது மொத்தம் 12,500 ரூபாய்! போனஸைக் காக்கும் தனி ஆட்-ஆன் எடுத்தவர்கள் வேண்டுமானால் தப்பிக்கலாம். மற்றவர்கள் பேசாமல் கைக்காசைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன? வெயிலில் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதே, அதைப் பக்கத்து வீட்டுப் பையனோ பூனையோ போட்டதில்லை. துடைக்கும் துணி போட்டது.

சென்னையில் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட்டில் காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பழைய துணியோடு வரிசையாகக் கார் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய். ஏழு மணிக்குள் பதினைந்து கார் முடித்தாக வேண்டும். முதல் காரின் மணல் துணியில் ஏறி, பக்கெட்டில் இறங்கி, மறுபடி துணியில் ஏறி, பதினைந்தாவது காருக்குப் போகிறது. உப்புக்காகிதத்தால் தேய்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருநாள் வெயிலில் கீறலைப் பார்க்கும் கார்க்காரர் என்ன செய்கிறார்? "ஒழுங்கா துடைக்கத் தெரியாதா?" என்று அவரைத் திட்டுகிறார். மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. பிறகு நேராகப் போய் ஆயிரக்கணக்கில் பாலிஷுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

அவர் வாங்கித் தராத துணிக்கு, அவர் தர விரும்பாத தண்ணீருக்கு, அபராதம் கட்டுவது துடைப்பவர். இந்தக் கணக்கில் எங்கேயோ பெரிய தப்பு இருக்கிறது.

அப்ப என்னதான் செய்வது?

1. உலர்ந்த தூசியைத் துணியாலோ டஸ்டராலோ தொடவே கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். தண்ணீர் இல்லாத நாளில் தூசியோடு விட்டுவிடுங்கள். தூசி தானாகக் கீறாது.

2. இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே கழுவ வேண்டும், ஏனென்றால் மணல் அதிகம் இருப்பது கீழேதான்.

3. வெயிலில் கழுவக் கூடாது. போர் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வட்ட வட்டமாகக் கறை பிடிக்கும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

4. காக்கா எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுங்கள், அன்றைக்கே.

5. நகத்தால் தடவும்போது மாட்டுகிற கீறல் பாலிஷுக்கு அடங்காது. தகடு தெரிந்தால் துரு ஏறும் முன் காரின் கலர் கோடுக்கு ஏற்ற டச்-அப் பெயின்ட் வைத்துவிடுங்கள்.

6. பாலிஷ் அவசியம் என்றால் திக்னெஸ் கேஜ் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் முன்னும் பின்னும் அளவு கேளுங்கள். மென்மையானதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கேஜ் என்றால் என்ன என்று கேட்டால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

"விற்கும்போது நல்ல விலை வர வேண்டாமா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். விற்பதற்கு முன் ஒரு தடவை, அளந்து, பொறுப்பாகப் பாலிஷ் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த ஒரு தடவைக்குக் கிளியர் கோட் மிச்சம் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்தவரிடம் அது இருக்காது.

அடுத்த முறை 'புதுசு மாதிரி' டிக் போடக் கை போனால், அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து நாலு மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு பக்கெட்டும் வாங்கிக் கார் துடைப்பவரிடம் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நன்றாகக் கழுவினால் போதும், தினமும் துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பளத்தை மட்டும் குறைக்காதீர்கள். பெயின்ட்டும் பிழைக்கும், அவரும் பிழைப்பார்.

டிஸ்கி: பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று மெயில் ஃபார்வர்டு காலத்திலிருந்து ஒரு கதை உலவுகிறது. பற்பசையும் ஒரு தேய்ப்பான்தான், காருக்கென்று அளந்து செய்யாத தேய்ப்பான். பல்லோடு நிறுத்திக்கொள்ளவும் :-)